காதலர்கள் சீட்டு வந்தால் என்ன செய்வது? பால்புதுமைப் பார்வையில் ஒரு டாரட் சீட்டைப் படிக்க முழுமையான வழிகாட்டி

கோடைக்கானலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பேர் டாரட் என்ற படச்சீட்டுக்கட்டைப் படிக்கப் பழக உட்காருவோம். மூன்று வருஷமாக நடக்கிறது. நான் தன்பாலீர்ப்பு கொண்ட பெண். வருகிறவர்களில் சிலர் என்னைப் போல, சிலர் திருநர், சிலர் தங்கள் நண்பருக்காகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று நன்றாகப் பிடிபட்டது: புதியவர்கள் தடுக்கி விழுவது அர்த்தம் தெரியாததால் இல்லை, எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்ற வரிசை தெரியாததால்தான்.

ஒரு பக்கம், புத்தகத்தில் இருக்கிற அர்த்தத்தை அப்படியே எடுத்து 'அவள்' இருக்கும் இடத்தில் 'அவன்' போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள். இன்னொரு பக்கம், எந்தச் சீட்டு வந்தாலும் 'வீட்டில் சொல்லிவிடு' என்று படிக்கிறவர்கள். இரண்டிலும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் காணாமல் போய்விடுகிறார். அதனால் ஒரே ஒரு சீட்டை எடுத்து, அதை முதலிலிருந்து கடைசி வரை எப்படிப் படிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு காதலர்கள் சீட்டு, ஏனென்றால் அதிகமாகத் தப்பு நடப்பது அதில்தான்.

சீட்டு வருங்காலத்தைச் சொல்லும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு படத்தை நடுவில் வைத்துக்கொண்டு, நேராகப் பேச வராத ஒன்றைப் பேச அது உதவுகிறது. அந்த அளவில் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. உட்காரும் முன் தேவையானவை

முதலில் சீட்டுக்கட்டு. 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட, ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டு பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டையோ அதன் வழியில் வந்த ஒன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 78 சீட்டு: 22 பெரியவை, 56 சிறியவை (இவை கோப்பை, நாணயம், வாள், கோல் என்று நான்கு வகை). இந்தக் கட்டில் சிறிய சீட்டுகளிலும் காட்சி இருக்கிறது. பிரான்சின் பழைய மார்செய் வகைக் கட்டில் கோப்பை ஐந்து என்றால் வெறும் ஐந்து கோப்பைதான் இருக்கும். நாம் செய்யப்போவது படத்தைக் கேள்வி கேட்கிற வேலை, அதற்குப் படத்தில் ஆட்கள் வேண்டும்.

இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் ஜோடியாக வரையப்பட்ட புதிய கட்டுகளும் கிடைக்கின்றன. என்னிடமும் ஒன்று இருக்கிறது, பிடித்துத்தான் வாங்கினேன். ஆனால் பழக ஆரம்பிக்கும்போது அது வேண்டாம். ஓவியரே நமக்காகப் பதிலை வரைந்து கொடுத்துவிடுகிறார், நம் கண் பழகுவதில்லை. நம்மை நினைக்காமல் வரைந்த படத்துக்குள் நமக்கு இடம் தேடத் தெரிந்துகொண்டால், அப்புறம் எந்தக் கட்டையும் படிக்கலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், சீட்டு ஈரம் இழுத்து ஓரம் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலைக்கும்போது இரண்டு சீட்டு சேர்ந்து வந்தால் 'இரண்டும் சேர்ந்து ஏதோ சொல்லுது' என்று ஆரம்பித்துவிடுவார்கள், அது ஈரம். மூடி இறுக்கமான பிஸ்கட் டப்பாவில், துணியில் முடிந்த ஒரு கைப்பிடி பச்சரிசியோடு வையுங்கள்.

ஒரு நோட்டு, பேனா. முக்கால் மணி நேரம், போன் சத்தம் இல்லாமல். அப்புறம் கதவு சாத்துகிற அறை. இதை வசதிக்காகச் சொல்லவில்லை. ஏரியை ஒரு சுற்று வந்தால் பத்துப் பேர் 'எங்கே போறீங்க' என்று கேட்கிற ஊர் இது. டீக்கடை பெஞ்சில் வைத்து ஒருவருக்குக் காதலர்கள் சீட்டைப் படித்தால், அவர் வாயிலிருந்து வரும் ஒரு பெயர் சாயங்காலத்துக்குள் அவர் வீட்டை எட்டிவிடும். அறை கிடைக்காவிட்டால் அன்றைக்குப் படிக்காதீர்கள்.

கடைசியாக, சொற்கள். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. பால்புதுமையர் (ஈர்ப்பிலோ பாலினத்திலோ வழக்கமான ஆண்-பெண் கட்டத்துக்குள் அடங்காதவர்கள்), திருநங்கை, திருநம்பி (பெண் என்று குறிக்கப்பட்டுப் பிறந்த ஆண்) மாதிரி மரியாதையான சொற்கள் இருக்கின்றன. இவற்றை வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நல்ல சொல் நாக்கில் இல்லாதபோது தெருவில் கேட்ட சொல்தான் வந்து விழும். எதிரில் இருப்பவர் தனக்கென்று வேறு சொல் வைத்திருந்தால் அதையே நீங்களும் சொல்லுங்கள். பட்டியலைக் காட்டி அவரைத் திருத்த வேண்டாம்.

2. எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் கேளுங்கள்

சீட்டைத் தொடுவதற்கு முன்பே நாம் ஒரு தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். 'வாங்க தம்பி', 'உட்காருங்க அக்கா'. நல்ல மனசோடுதான் சொல்கிறோம், ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே ஆளை ஒரு பக்கம் நிறுத்தியாயிற்று.

போன டிசம்பரில் ஒருவர் வந்தார். குல்லா, கழுத்துவரை ஜிப் போட்ட ஜெர்கின், கையுறை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் கதவைத் திறந்து 'வாங்க தம்பி, குளிருதா' என்றார். வந்தவர் தலையாட்டினார், குல்லாவைக் கழற்றவே இல்லை. அடுத்த முக்கால் மணி நேரமும் 'ஆமா', 'இல்ல' என்ற இரண்டே பதில். கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, 'பேர் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம்' என்றார். அன்றைக்குப் படித்தது முழுக்க வீண்.

அதனால் முதல் வாக்கியம் இது: 'உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?' பெயர் சொன்னால் பெயர், அக்கா என்று சொன்னால் அக்கா. வயதில் பெரியவராக இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் 'நீங்க, வாங்க' போதும்.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி. நான், நீ, நீங்கள் எதற்கும் பால் கிடையாது. 'வந்தேன்', 'வருவீங்க' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. சிக்கல் வருவது மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான், அங்கேயும் 'அவர்' இருக்கிறது. எதிரில் இருப்பவர் 'நான் ஒருத்தரை நினைச்சுட்டு வந்தேன்' என்றால் அந்த 'ஒருத்தர்' வேண்டுமென்றே சொன்ன சொல்லாக இருக்கலாம். நீங்கள் 'அவன் என்ன சொன்னான்?' என்று திருப்பிக் கேட்டால் அவர் கஷ்டப்பட்டுத் திறந்து வைத்த கதவை நீங்கள் சாத்திவிட்டீர்கள். அவர் 'அவள்' என்று சொல்லும்வரை நீங்கள் 'அவர்' என்றே போங்கள்.

3. கேள்வியைச் சரிசெய்யுங்கள்

வருகிற கேள்விகளில் முக்கால்வாசி 'கல்யாணம் எப்போ நடக்கும்?' அதைக் கேட்கிறவர் யார், கேட்கச் சொன்னது யார் என்று பிரித்துப் பாருங்கள். பல நேரம் அது அம்மாவின் கேள்வி, பிள்ளை சுமந்துகொண்டு வந்திருக்கும். 'இது நீங்க கேட்கிறதா, வீட்டில கேட்கிறதா?' என்று மெதுவாகக் கேட்டாலே கேள்வி தானாக மாறும். 'தனியா இருந்தா நான் என்ன ஆவேன்?', 'இவரோட நான் எங்கே வாழ முடியும்?' இப்படி வந்து நிற்கும். அதற்குத்தான் சீட்டு எடுக்க வேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் எப்போதும் மறுத்துவிடுங்கள்: 'எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், அவர் அப்படியா இல்லையா பார்த்துச் சொல்லுங்க.' அங்கே இல்லாத ஒருவரின் ஈர்ப்பையோ பாலினத்தையோ சீட்டு போட்டுப் பார்ப்பது அவர் முதுகுக்குப் பின்னால் அவரை நிர்வாணமாக்குவது. சிரித்துக்கொண்டே கேட்டாலும் செய்யாதீர்கள். இதே விதி எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும்: அவர் யார் என்று சீட்டு சொல்லாது, அவர்தான் சொல்வார்.

4. சீட்டை எடுங்கள், பெயரை மறைத்துவிடுங்கள்

கலைத்து, ஒன்றை எடுத்து, படம் தெரியும்படி நடுவில் வையுங்கள். அடியில் அச்சிட்ட பெயரின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறையுங்கள். 'காதலர்கள்' என்ற பெயரைப் பார்த்த நொடியில் மூளை கல்யாண மண்டபத்துக்குப் போய்விடும், அதற்கப்புறம் கண் எதையும் பார்க்காது.

இப்போது ஐந்து நிமிஷம், இருப்பதை மட்டும் இருவரும் மாறி மாறிச் சொல்லுங்கள். அர்த்தம் வேண்டாம், பொருள்கள் மட்டும். எங்கள் வீட்டில் இப்படிப் போகும்: மேலே சூரியன். அதன் முன்னால் சிவப்புச் சிறகோடு ஓர் உருவம், மேகத்திலிருந்து எழுகிறது, இரண்டு கையும் விரித்திருக்கிறது. கீழே இரண்டு பேர், உடம்பில் துணி இல்லை. நமக்கு இடப்பக்கம் இருப்பவருக்குப் பின்னால் பழமரம், அதில் பாம்பு சுற்றியிருக்கிறது. வலப்பக்கம் இருப்பவருக்குப் பின்னாலும் ஒரு மரம், அதில் இலைக்குப் பதில் தீச்சுடர், எண்ணினால் 12. இரண்டு பேருக்கும் நடுவில், தூரத்தில், ஒரு மலை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் சொல்வது அந்த மலையைத்தான். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பல பேர் கடைசிவரை அதைக் கவனிப்பதே இல்லை. ஒரே படம், யார் எங்கிருந்து வருகிறாரோ அங்கிருந்துதான் பார்க்கிறார். இந்தப் படி எதற்கு என்று இதிலேயே தெரியும்.

இங்கே நடக்கும் தவறு: 'ஒரு ஆணும் பொண்ணும் நிக்கிறாங்க, லவ் பண்றாங்க.' முதல் பாதி படத்தில் இருக்கிறது. இரண்டாவது பாதி படத்தில் இல்லை. அவர்கள் தொட்டுக்கொள்ளவே இல்லை, கைகள் தள்ளியே இருக்கின்றன. கண்ணால் பார்த்ததையும் மனசு சேர்த்ததையும் நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். நாலைந்து சீட்டு இப்படி எழுதினால் பழகிவிடும்.

5. படம் எதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது?

இந்த வழிகாட்டியில் நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, யார் யாரைப் பார்க்கிறார்? வலப்பக்க ஆண் பெண்ணைப் பார்க்கிறார். பெண் அவரைப் பார்க்கவில்லை, அண்ணாந்து மேலே இருப்பவரைப் பார்க்கிறார். இதை முதல்முறை கவனித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருஷம் இந்தச் சீட்டை 'இருவர் ஒருவரையொருவர்' என்று படித்துக்கொண்டிருந்தேன், படத்தில் அப்படி ஒரு பார்வையே கிடையாது. ஒருவருடைய ஆசை இன்னொருவர் மேல், அந்த இன்னொருவருடைய கவனம் எங்கேயோ. பெண் பார்க்க வந்த வீட்டில் காபித் தட்டோடு நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, யார் சேர்த்து வைக்கிறார்? மேலே கை விரித்திருப்பவர் ஆசீர்வதிக்கிறாரா, கண்காணிக்கிறாரா, இரண்டு பேரையும் அந்த இடத்தில் நிறுத்தி வைத்ததே அவரா? படம் சொல்லவில்லை. நம் ஊரில் அந்த இடத்தில் குலதெய்வம், தாய்மாமா, தரகர், பங்குத்தந்தை, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பால்புதுமையர் பலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும், சேர்த்து வைக்க யாரும் வரமாட்டார்கள். காலியாக இருப்பது சிலருக்கு வலி, சிலருக்கு நிம்மதி. எது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள்.

மூன்றாவது, யார் இல்லை? பழைய மார்செய் வகைக் கட்டில் இதே ஆறாம் சீட்டில் மூன்று பேர்: ஓர் ஆண், இரு பக்கமும் இரண்டு பெண்கள், மேலே அம்போடு காமன். ஆக இந்தச் சீட்டு என்றைக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று வானத்திலிருந்து இறங்கவில்லை. 1909இல் இரண்டு பேர் உட்கார்ந்து அப்படி மாற்றினார்கள். அதே வருஷம் இங்கே கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தார், அதுவரை யாரும் பார்க்காதது. சீட்டில் இருக்கிற சூரியனையும் அப்படித்தான், எத்தனை பேர் பார்த்து முடித்திருந்தாலும் இன்னொரு தடவை பார்க்கலாம்.

இந்தப் படியில் இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் மேல் கோபம் வந்து அதோடு சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். 'இது முழுக்க ஆண் பெண் கதை, நமக்கு இதில் ஒன்றுமில்லை' என்று சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அங்கே நிறுத்தினால் வந்தவர் வெறுங்கையோடு போவார், அதனால் அடுத்த படி.

6. 'இதில் நீங்க எங்கே இருக்கீங்க?'

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உண்மையாகவே மூடிக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷம் ஆனாலும் சரி. புதியவர்கள் பத்து நொடிகூடத் தாங்காமல் 'நீங்க அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி தோணுது' என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிறந்தபோது குறித்த பாலை வைத்துக்கொண்டு 'நீங்க பெண், அதனால இடப்பக்கம்' என்று யாரையும் நிறுத்தாதீர்கள். ஆட்கள் எங்கெல்லாம் போய் நிற்கிறார்கள் தெரியுமா? ஒரு திருநம்பி பாம்பைக் காட்டினார், 'சட்டையை உரிச்சுட்டு வரலாம்ல' என்று. கல்லூரி படிக்கிற ஒரு பெண் மேகத்தைக் காட்டினார், தனக்கு உடல் ஈர்ப்பே வருவதில்லை, ஆனால் இரண்டு பேர் மேலும் அன்பு இருக்கிறது என்று.

பழனியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒருவரை மறக்க முடியாது. முப்பது வயது இருக்கும். விரலைச் சீட்டின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார், கடைசியில் நடுவில் இருக்கும் மலையின் மேல் நிறுத்தினார். 'இங்கே' என்றார். வீட்டில் பார்த்து வைத்த பெண் ஒரு பக்கம், ஆறு வருஷமாகப் பழகும் நண்பர் ஒரு பக்கம், இரண்டு பேரையும் மறைத்துக்கொண்டு நடுவில் தான் நிற்பதாகச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் அந்த மலைக்கு அப்படி ஓர் அர்த்தம் இல்லை. அன்றைக்கு அதுதான் அர்த்தம்.

அவர் இடத்தைக் காட்டியதும் இரண்டே துணைக் கேள்வி: 'அங்கே நின்னா என்ன தெரியுது?', 'அங்கிருந்து எந்தப் பக்கம் ஒரு அடி வைக்கலாம்?' பதிலை நோட்டில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் சொல்லுக்கு மாற்றி எழுதினால், திருப்பிப் படிக்கும்போது அவருக்கு அது யாருடைய கதையோ மாதிரி இருக்கும்.

7. இப்போதுதான் புத்தகம்

காகிதத் துண்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள், புத்தகத்தைத் திறங்கள். முதலிலேயே திறந்தால் என்ன ஆகும் என்று கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிளி சீட்டை எடுக்கும், அதில் முருகன் இருந்தால் இன்ன பலன், மாரியம்மன் இருந்தால் இன்ன பலன், சொல்லும் பாட்டு ஏற்கெனவே தயார். அது தனி முறை, அதற்கு அதன் ஒழுங்கு உண்டு. நாம் செய்வது வேறு வேலை.

காதலர்களுக்குப் புத்தகங்கள் பொதுவாகச் சொல்வது: அன்பு, இணைவு, முக்கியமான தேர்வு, நம் மதிப்புகளோடு ஒத்துப்போவது. இதில் எங்கேயாவது ஆண், பெண், கல்யாணம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'கணவன்' என்று இருந்தால் 'துணை' என்று மாற்றி வாசியுங்கள், வாக்கியம் நிற்கிறதா? நின்றால் அந்த அர்த்தம் உபயோகமானது. நிற்காமல் விழுந்தால் அது சீட்டின் அர்த்தமே இல்லை, எழுதியவர் காலத்துப் பழக்கம். விட்டுவிடலாம்.

அப்புறம் புத்தகத்தையும் ஆறாம் படியில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழனிக்காரர் விஷயத்தில் 'தேர்வு' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது, மற்றதெல்லாம் உதிர்ந்தது. ஒரு சொல் ஒட்டினாலும் போதும்.

8. எதிரொலிக்கும் சீட்டைப் பக்கத்தில் வையுங்கள்

காதலர்கள் எண் 6. கட்டிலிருந்து 15ஆம் சீட்டான சாத்தானைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள் (1ஐயும் 5ஐயும் கூட்டினால் 6). ஒரே அமைப்பு: மேலே சிறகோடு ஒருவர், கீழே இரண்டு பேர். பழமும் தீயும் இங்கே மரத்தில் இல்லை, அவர்கள் வாலில் இருக்கின்றன. கழுத்தில் சங்கிலி. ஆனால் உற்றுப் பாருங்கள், சங்கிலி தளர்வாக இருக்கிறது, தலைக்கு மேலே தூக்கிக் கழற்றிவிடலாம்.

இங்கே செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. ஆசையைப் பற்றிய கேள்விக்குச் சாத்தான் வந்தால் 'இது தப்பான உறவு' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து அதையே கேட்டு வளர்ந்தவரிடம், நம்பி வந்து உட்கார்ந்த இடத்திலும் அதையே சொன்னால் எப்படி இருக்கும்? சங்கிலி எது என்று கேளுங்கள். பல பேருக்கு அது ஆசை இல்லை, ஆசையைச் சுற்றி மாட்டிய வெட்கம்.

இந்தப் பேச்சில் யாராவது 'என்னை மாத்துறதுக்கு டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போறாங்க' என்று சொன்னால் சீட்டை மூடி வைத்துவிடுங்கள். அது சீட்டு பேசும் விஷயம் இல்லை. ஒருவருடைய ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'குணப்படுத்த' முயலும் மருத்துவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மனசு மிகவும் உடைந்திருந்தால் 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். இந்த எண்ணை நோட்டின் அட்டையில் எழுதியே வைத்திருங்கள், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

9. சொல்லும்போது

இதுவரை கேட்டது அதிகம், இப்போது நீங்கள் சொல்ல வேண்டும். மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். படத்தில் இருந்து ஒன்று, அவர் சொன்னதிலிருந்து ஒன்று, கேள்வியாக ஒன்று. உதாரணமாக: 'படத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் மலை இருக்கு. நீங்க அந்த மலை நீங்கதான்னு சொன்னீங்க. மலை கொஞ்சம் நகர்ந்தா முதலில் யார் கண்ணில் படணும்னு நினைக்கிறீங்க?'

'நீங்க கண்டிப்பா வீட்டில் சொல்லணும்', 'அவரை விட்டுடுங்க' மாதிரி எதையும் சீட்டின் பெயரால் சொல்லாதீர்கள். வீட்டில் சொல்வதால் ஒருவருக்கு நிம்மதி வரலாம், இன்னொருவருக்குத் தங்க இடமே போகலாம். அந்தக் கணக்கு அவருக்குத்தான் தெரியும். ஹார்மோன், அறுவை சிகிச்சை, சொத்து, வேலையை விடுவது, இதெல்லாம் கேட்டாலும் மருத்துவரிடமோ வக்கீலிடமோதான் அனுப்ப வேண்டும்.

10. மற்ற சீட்டுகளில் தடுக்கும் இடங்கள்

அரசவைச் சீட்டுகளில்தான் பழைய பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. ராஜா வந்தால் மாப்பிள்ளை, ராணி வந்தால் மணப்பெண் என்று படிக்காதீர்கள். கோப்பை என்றால் உணர்வு, அந்த உணர்வை ஒருவர் எவ்வளவு தேர்ச்சியோடு பிடித்திருக்கிறார் என்பதுதான் பதவி: பேஜ் (அரசவையில் பணி பழகும் இளையவர்) இப்போதுதான் பார்க்கிறார், குதிரைவீரர் அதோடு ஓடுகிறார், ராணி உள்ளே வைத்து வளர்க்கிறார், ராஜா வெளியே நடத்துகிறார். ஒரே ஆள் காலையில் ராணியாகவும் மாலையில் பேஜாகவும் இருக்கலாம். கோப்பை பேஜைத் தனியாக எடுத்துப் பாருங்கள், பூப்போட்ட சட்டை, கோப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் மீன், அதோடு ஏதோ பேசுகிற மாதிரி நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட பல பேர் இந்தச் சீட்டைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை.

கோப்பை பத்து: வானவில், அணைத்து நிற்கும் இருவர், ஆடும் குழந்தைகள், ஒரு வீடு. வானவில்லைப் பார்த்ததும் புதியவர்கள் குதித்துவிடுவார்கள், ஆனால் அந்த வானவில் 1909இல் வரைந்தது, பால்புதுமையரின் வானவில் கொடி வந்தது 1978இல். வேண்டுமானால் சேர்த்துப் படியுங்கள், வரைந்தவர் அதை நினைத்து வரைந்தார் என்று சொல்லாதீர்கள். இங்கே கேட்க வேண்டியது 'உங்க வீட்டில் யார் யார்?' 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை என்று சொன்னது. இந்த இரண்டும் தெரிந்திருந்தால் இந்தச் சீட்டை வெறும் ஆறுதலாகப் படிக்கமாட்டீர்கள்.

நிதானம், எண் 14. ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் கரையில், இரண்டு கோப்பைக்கு நடுவே நீர் ஊற்றும் தேவதூதர். இந்த உருவம் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று வெயிட்டே எழுதியிருக்கிறார். தமிழர்கள் உடனே அர்த்தநாரீசுவரரைச் சொல்வார்கள், திருச்செங்கோடு போய்வந்தவர்கள் இன்னும் வேகமாக. சொல்லுங்கள், நல்ல ஒப்புமைதான். ஆனால் இடைநிலையில் இருப்பவர் எல்லாரையும் 'பாதி பாதி' ஆக்கிவிடாதீர்கள். தன்னை முழுப் பெண் என்று சொல்லும் திருநங்கையிடம் இந்த ஒப்புமை புண்படுத்தும்.

துறவி, எண் 9. பனி மூடிய மலையுச்சியில் கையில் விளக்கோடு ஒருவர். ஆங்கிலப் புத்தகங்கள் 'கிழவர்' என்கின்றன, தமிழில் 'துறவி' என்றால் பாலே தெரியாது, அதனால் தமிழ்ப் பெயரிலேயே படியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் கல்யாணம் கட்டாமலே இருந்துவிட்ட ஒரு பெரியப்பா, ஒரு அத்தை உண்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இந்தச் சீட்டு வரும்போது பல பேர் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேசவிடுங்கள், ஆனால் அந்த அத்தை யார் என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். அவர் ஏற்றி வைத்த விளக்கு இவர் கைக்கு வந்ததா என்பதைக் கேட்டால் போதும்.

நாணயம் ஐந்து: பனியில் கந்தலோடு நடக்கும் இருவர், பின்னால் வெளிச்சமான கண்ணாடி ஜன்னல். வறுமை என்று மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். படத்தில் ஜன்னல் இருக்கிறது, கதவு இல்லை. வெளியே இருந்தாலும் இரண்டு பேராக நடக்கிறார்கள். வீட்டை விட்டு வந்தவர்களுக்கு அந்த இரண்டாவது ஆள் யார் என்பதுதான் கேள்வி.

11. முடிப்பது

சீட்டைக் கட்டில் சேர்த்து ஒருமுறை கலைத்துவிடுங்கள், அவர் கண் முன்னாலேயே. அவர் காட்டிய சீட்டு மேலேயே கிடந்தால், அடுத்து வருகிறவர் பார்த்து 'யாருக்கு வந்தது?' என்று கேட்பார்.

போட்டோ வேண்டாம். சீட்டு மட்டும்தானே என்று எடுப்பார்கள், ஓரத்தில் அவர் கைக்கடிகாரமோ மோதிரமோ விழுந்திருக்கும், தெரிந்தவர்களுக்கு அது போதும். நோட்டில் எழுதிய பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுங்கள், வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அடுப்பில் போடுங்கள். எங்கள் வீட்டில் குளிருக்கு விறகு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதில் போகும்.

தனியாகப் பழகுகிறவர்கள் முதல் வாரம் காதலர்கள், கோப்பை இரண்டு, கோப்பை பத்து மூன்றையும் மட்டும் எடுத்து, நான்காம் ஐந்தாம் படியை நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு சீட்டுக்கு மேல் வேண்டாம். டப்பாவை மூடும் முன் அரிசி முடிச்சைத் தொட்டுப் பாருங்கள், நமத்திருந்தால் வெயில் வரும் நாளில் மாற்றிவிடுங்கள்.